அலை கடைந்த எண்ணெய்

எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில், கற்பாறைகளின் மேல் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். பாறை இடுக்கில் இறங்கி நிற்பவர் கறுப்பாக எதையோ வாளியில் அள்ளி மேலே நீட்டுகிறார். அது கைமாறிக் கைமாறி மேட்டில் இருக்கும் பீப்பாய்க்குப் போகிறது. காலி வாளி அதே வழியில் திரும்பி வருகிறது. கடலோரக் காவல்படை வீரர், மீனவர், கல்லூரி மாணவர், துப்புரவுத் தொழிலாளி என்று யார் யாரோ அந்த வரிசையில். எல்லோருக்கும் முழங்கை வரை தார் பூசியது போலிருக்கிறது. 2017 பிப்ரவரி முதல் வாரத்தில் இந்தப் படத்தைப் பார்க்காத தமிழ்ப் பத்திரிகை வாசகர் இருந்திருக்க மாட்டார்.

அதற்குச் சில நாள் முன்பு, ஜனவரி 28 சனிக்கிழமை விடிவதற்குள், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று. பெட்ரோலியப் பொருட்களை ஏற்றிக்கொண்டு வந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. கடலில் கொட்டியது கப்பலை ஓட்டப் பயன்படும் கெட்டியான ஃபர்னஸ் ஆயில். அலையும் காற்றும் அதைத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்து, எர்ணாவூரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த தூண்டில் வளைவின் மூலையில் சேர்த்தன. மூலையில் ஒதுங்கிய குப்பை மாதிரி அங்கேயே தங்கிவிட்டது.

“செவ்வாய்க்கு விண்கலம் அனுப்புகிற நாட்டில் எண்ணெய் அள்ள வாளியா?” என்று அன்று கேட்காத வாயில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கான பதிலில் பாதி நிர்வாகத்தைப் பற்றியது, பாதி எண்ணெயைப் பற்றியது. அந்த இரண்டாவது பாதியை யாரும் மக்களுக்கு நின்று நிதானமாகச் சொல்லவில்லை. கழிவுநீர் உறிஞ்சும் பெரிய லாரிகளைக் கொண்டுவந்துதான் முதலில் முயன்றார்கள். குழாய் உறிஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். கெட்டியான கசடு குழாய்க்குள் ஏற மறுத்தது. ஏன் மறுத்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும்.

பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோடு இதைச் செய்து பார்த்தேன். பைக் மெக்கானிக் கடையில் கொஞ்சம் கழிவு ஆயில் வாங்கி வந்தோம். வாய் அகன்ற பாட்டிலில் அதில் இரண்டு கரண்டி, உப்புக் கரைத்த தண்ணீர் ஐந்தாறு கரண்டி. இறுக மூடி, மாற்றி மாற்றிக் கை வலிக்கும் வரை குலுக்கினோம். முதலில் கறுப்பாகப் பிரிந்து பிரிந்து நின்ற எண்ணெய், மெல்ல மெல்லப் பழுப்பாக மாறியது; அளவில் பெருகியது; பாட்டிலைச் சாய்த்தால் வழியாமல் கட்டியாக நகர்ந்தது.

“ஆன்ட்டி, சாக்லேட் மாதிரி இருக்கு” என்றாள்.

கடலில் எண்ணெய் அள்ளுகிறவர்கள் உலகெங்கும் இதை அப்படித்தான் அழைக்கிறார்கள், சாக்லேட் மூஸ் என்று. நமக்கு அதைவிடப் பழகிய உதாரணம் அடுப்படியில் இருக்கிறது. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறது. வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு என்று நினைக்கிறோம்; அதன் கொழுப்புக்குள் நுண்ணிய தண்ணீர்த் துளிகள் ஏராளமாகச் சிக்கியிருக்கின்றன. நெய் உருக்கும்போது படபடவென்று வெடித்து அடங்குவது அந்தத் தண்ணீர்தான். கடலில் அலைதான் மத்து. எண்ணெயில் இருக்கும் ஆஸ்ஃபால்டீன் என்ற கனமான மூலக்கூறுகள் ஒவ்வொரு நீர்த்துளியைச் சுற்றியும் தோல் போல் படிந்து, அது வெளியேறாமல் பிடித்துக்கொள்கின்றன. இப்படிக் கடைந்த கலவையில் முக்கால் பங்கு வரை தண்ணீர் இருக்கும். அதாவது ஒரு பீப்பாய் எண்ணெய், நான்கு பீப்பாய்க் கசடாகிவிடும். பிசுபிசுப்போ பல நூறு மடங்கு ஏறிவிடும். அந்த நிலைக்குப் போனபிறகு தண்ணீர் இறைக்கும் பம்பு உதவாது. பாறை இடுக்கிலிருந்து எடுக்கக் கையும் வாளியும்தான் மிஞ்சும்.

ஆகவே வாளியைப் பார்த்துக் கோபப்பட்டதைவிட, வாளிக்கு முந்தைய இரண்டு நாளைப் பார்த்து நாம் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எண்ணெய் இன்னும் எண்ணெயாக, மெல்லிய படலமாகத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருந்த நேரம் அது. மிதவைத் தடுப்பு போட்டு வளைத்து, மேலாகவே வழித்தெடுக்க முடிகிற நேரம். அந்த நேரத்தில் வெளியான முதல் அறிவிப்பு, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றது. பிறகு 20 டன் கசிந்திருக்கலாம் என்றார்கள். கடைசியில் வந்த கணக்குகள் 150 டன்னைத் தாண்டின. தொடக்கத்தில் அளவு தெரியாமல் போவது குற்றமில்லை. இருட்டில், நடுக்கடலில் கிழிந்த தொட்டியை யாரும் உடனே அளந்துவிட முடியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “ஒன்றுமில்லை” என்று சொன்னபோது கரையோர ஊர்கள் ஆயத்தமாகும் வாய்ப்பை இழந்தன. எண்ணெய் விபத்தில் பொதுமக்களுக்குச் செய்யும் முதல் உதவி உண்மையான தகவல். பொதுமக்கள் செய்யக்கூடிய முதல் உதவியும் அதுவே.

பொதுமக்கள் என்ன தகவல் தரமுடியும்? நிறம் சொல்ல முடியும்.

எண்ணெய் தண்ணீரில் பரவும் விதம் விசித்திரமானது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லண்டனை அடுத்த கிளாப்பம் என்ற இடத்தில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் பரப்பு கண்ணாடி போல் அமைதியானதைக் கண்டதாக 1774ல் வெளியான கட்டுரையில் எழுதினார். அவ்வளவு மெல்லியதாகப் பரவும். அதனால் பரப்பை மட்டும் பார்த்து அளவை ஊகித்தால் ஏமாந்துபோவோம். நிறம் ஏமாற்றாது. வெள்ளி போல் மினுமினுக்கும் படலம் என்றால் அதன் கனம் ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர் எண்ணெய்தான் இருக்கும். மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் பார்ப்போமே, அந்த வானவில் நிறம் தெரிந்தால் 300 முதல் 5,000 லிட்டர். உலோகம் போல் மந்தமாகப் பளபளத்தால் 50,000 லிட்டர் வரை. எண்ணெயின் சொந்த நிறமே, கறுப்போ பழுப்போ, இடைவெளியில்லாமல் தெரிந்தால் 2 லட்சம் லிட்டருக்கு மேல். ஐரோப்பிய நாடுகள் விமானத்திலிருந்து கடலைக் கண்காணிக்க வகுத்துக்கொண்ட அளவுகோல் இது. ஃபைபர் படகில் நிற்கும் மீனவருக்கும் இதே அளவுகோல் போதும்.

ஒரு டம்ளர் எண்ணெய் ஓர் ஏக்கருக்கு மேல் மினுமினுக்கும் என்பது இதில் ஒரு செய்தி. அதைவிட முக்கியமானது: கொட்டிய எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, அது பரவிய பரப்பில் பத்தில் ஒரு பங்கு இடத்தில்தான் திரண்டிருக்கும். மினுமினுப்பைத் துரத்திக்கொண்டு போனால் நாள் வீணாகும். கறுப்புத் திட்டு எங்கே என்று சொல்லக் கண் வேண்டும். அந்தக் கண் கடலில் தினமும் போகிறவர்களுக்கு இருக்கிறது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பது மீனவர்களுக்குத் தெரியும். “கடலில் ஆயில்” என்று மட்டும் சொல்லாமல், “துறைமுகத்துக்குத் தெற்கே, பாதி மைல் நீளம், கறுப்பாக, கெட்டியாக, கரையைப் பார்த்து வருகிறது” என்று சொல்ல முடிந்தால் அந்த அழைப்பின் மதிப்பே வேறு.

அது எங்கே போகும் என்பதையும் ஓரளவு கணக்கிடலாம். எண்ணெய்ப்படலம் நீரோட்டத்தோடு முழுமையாகப் போகும். காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் காற்றோடும் போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வாடை அடித்தால், காற்று மட்டுமே எண்ணெயை மணிக்கு 600 மீட்டர் தெற்கே தள்ளும். ஒரு நாளில் 14 கிலோமீட்டர். நீரோட்டமும் அதே திசையில் இருந்தால் இன்னும் தூரம். தை மாதத்தில் எண்ணூரில் கொட்டிய எண்ணெய் மெரினாவையும் திருவான்மியூரையும் தொட்டதில் ஆச்சரியமே இல்லை. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்தக் கணக்கைக் கணினியில் விரிவாகப் போடுகிறது. அந்த முன்னறிவிப்பு கரையோரக் குப்பங்களுக்கு, அவர்கள் பேசும் சொல்லில், எண்ணெய்க்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. கறுப்பில் தோய்ந்து இறந்த ஆமைகள் அந்த வாரங்களில் கரை ஒதுங்கின.

கப்பல்கள் மோதுவதற்கு ஐந்து நாளுக்கு முன்புதான் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்திருந்தது. அந்தச் சூடு ஆறாத இளைஞர்கள் பலர் எர்ணாவூருக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, செய்தி பார்த்து வந்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. பலர் கையில் உறையில்லை, முகத்தில் கவசமில்லை, காலில் வெறும் செருப்பு. அவர்களிடம் மனம் இருந்தது. எது ஆபத்து, எதைத் தொடலாம், எதை எங்கே போட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

புதிய எண்ணெயிலிருந்து முதல் மணிநேரங்களில் பென்சீன், டொலுவீன் போன்ற ஆவிகள் கிளம்பும். தலைவலி, குமட்டல், கண் எரிச்சல் வந்தால் உடல் சொல்லும் எச்சரிக்கை அது. விலகிக் காற்று வரும் பக்கம் போய் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறிப் பொத்துப்போகும். நைட்ரைல் கையுறை தாங்கும். தோலில் ஒட்டிய தாரை எடுக்க நம் ஊரில் எல்லோரும் மண்ணெண்ணெயைத் தேடுகிறார்கள். அது தோலின் காப்பைக் கரைத்து, தாரில் உள்ள நச்சை இன்னும் உள்ளே விடும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ போட்டுத் தேய்த்தால் தார் அதில் கரைந்து வந்துவிடும், பிறகு சோப்பு.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியா கடற்பகுதியில் பிரெஸ்டீஜ் என்ற கப்பல் உடைந்து மூழ்கி, 60,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. வெள்ளை உடுப்பில் வந்து குவிந்த தொண்டர்களை மக்கள் “வெள்ளை அலை” என்று அழைத்தார்கள். அங்கே கரையைச் சுத்தம் செய்த மீனவர்களை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். அந்த வேலைக்குப் போகாத மீனவர்களைவிட அவர்களுக்கு மூச்சுக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. ரத்த அணுக்களின் குரோமோசோம்களில் சேதமும் கூடுதலாக இருந்தது. 2010ல் வெளிவந்த ஆய்வு இது. உதவ வருகிறவரின் உடலும் கடற்கரையின் ஒரு பகுதிதான் என்று எண்ணித் திட்டமிட வேண்டும்.

உதவி கடலுக்கே கேடாக முடிந்த கதைகளும் உண்டு. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் டோரி கேன்யன் கப்பல் பாறையில் ஏறியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். எண்ணெயைக் கரைக்க, பத்தாயிரம் டன் அளவுக்குச் சலவைக் காரத்தைக் கடலிலும் பாறைகளிலும் கொட்டினார்கள். எண்ணெய் கொன்றதைவிட அந்தக் காரம் கொன்றது அதிகம். பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியை மேயும் சிறு நத்தைகள் கூண்டோடு அழிந்தன. மேய ஆளில்லாமல் பாசி பச்சைப் பசேலென்று மூடியது. காரம் படாத பாறைகள் இரண்டு மூன்று ஆண்டில் தேறின. காரம் கொட்டிய இடங்கள் தேறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1989ல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் கொட்டியபோது பாறைகளைச் சுடுநீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். பாறை பளிச்சென்றாகிவிட்டது, அதில் ஒட்டியிருந்த உயிர்கள் வெந்துபோயின.

சுத்தமாகத் தெரிவதும் சுகமாக இருப்பதும் ஒன்றல்ல என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். கடலோரத்தில் சில இடங்களைத் தொடாமல் விடுவதே நல்லது. அலையாத்திக் காடுதான் முதல் உதாரணம். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள். எண்ணெய் பூசிக்கொண்டால் மரம் மூச்சு முட்டும். ஆனால் நல்லெண்ணத்தோடு பத்துப் பேர் உள்ளே இறங்கி மிதித்தால், மேலாக இருந்த எண்ணெய் சேற்றுக்குள் புதையும். காற்றில்லாத சேற்றில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் சரியாக வேலை செய்யா. அங்கே புதைந்தது பத்தாண்டுகளுக்கும் கிடக்கும்.

ஆம், எண்ணெயைத் தின்னும் உயிர்கள் இருக்கின்றன. ஆல்கனிவோராக்ஸ் என்ற பாக்டீரியம் சுத்தமான கடலில் தேடினால்தான் கிடைக்கும். எண்ணெய் வந்துவிட்டால் கூட்டம் கூட்டமாகப் பெருகும். அதற்கு எண்ணெய் மட்டும் போதாது, காற்றும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். வெறும் சோறு போட்டால் யாரும் சாப்பிட முடியாது, குழம்பும் வேண்டுமல்லவா? எர்ணாவூரில் அள்ளிய கசட்டைக் குழியில் பரப்பி நுண்ணுயிர்க் கலவை கலந்து கிளறிவிட்டதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் இந்த விருந்து மாதக்கணக்கில் நடக்கும். கறுப்பாக வந்த அலையை நாளைக்கே வெளுக்க வைக்கும் மந்திரப் பொடி எதுவும் இல்லை. யாராவது அப்படி விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நல்லபடியாக நடந்த உதவியையும் சொல்ல வேண்டும். மொரிஷியஸ் தீவின் தென்கிழக்கில், 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றது. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. ஆகஸ்ட் 6ல் எண்ணெய் கசியத் தொடங்கியது; சுமார் ஆயிரம் டன். அரசு, வேலையை அதிகாரிகளிடம் விடுங்கள் என்றது. மக்கள் காத்திருக்கவில்லை. தமிழகத்திலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் போன கூலிகளின் உழைப்பில் வளர்ந்த கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. வெட்டிய வயலில் கிடக்கும் கரும்புச் சோகையைத் துணிப் பைகளில் திணித்துத் தைத்தார்கள். மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டினார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். சில நாளில் கிலோமீட்டர் கணக்கில் மிதவைத் தடுப்பு தயாரானது.

சோகையும் முடியும் ஏன் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. அதே பெண்ணும் நானும் ஓர் அகலமான பேசினில் உப்புத்தண்ணீர் ஊற்றி, மேலே கழிவு ஆயிலை விட்டோம். மருந்துக்கடைப் பஞ்சை ஒரு துண்டு போட்டோம். அது தண்ணீரைக் குடித்துத் தொய்ந்து மூழ்கிவிட்டது. பழைய தலையணையைப் பிரித்து எடுத்த இலவம்பஞ்சைப் போட்டோம். அது மூழ்கவே இல்லை. தொட்ட இடத்திலெல்லாம் கறுப்பு அதற்குள் ஏறியது. சற்று நேரத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டம் தண்ணீர் தெளிந்துவிட்டது. எடுத்துப் பிழிந்தால் ஆயில்தான் வந்தது. இலவம்பஞ்சின் இழை ஒவ்வொன்றும் உள்ளே கூடான குழாய். மேலே மெழுகுப் பூச்சு. மெழுகு தண்ணீரை விலக்கும், எண்ணெயை ஏற்கும். தன் எடையைப் போல் முப்பது மடங்கு எண்ணெயைக்கூட அது பிடிக்கும். மருந்துக்கடைப் பஞ்சில் இருந்த மெழுகை ஆலையிலேயே நீக்கிவிடுகிறார்கள்.

சோகைக்கு அந்த அளவு திறமை கிடையாது. ஓரிரு நாளில் தண்ணீர் ஏறி எண்ணெயோடு சேர்ந்து மூழ்கக்கூடும். அதனால் போட்டதை வேளையோடு எடுக்க ஆள் இருக்க வேண்டும். மொரிஷியஸ் மக்கள் பைக்குள் அடைத்துத் தைத்ததில் அந்த அறிவு இருந்தது. உதிரியாகக் கடலில் தூவியிருந்தால் கறுத்த சோகையைக் கரை முழுக்கப் பொறுக்கியிருப்பார்கள்.

தென்கொரியாவின் தேயான் கரை இன்னொரு பாடம். 2007 டிசம்பர் 7 அன்று ஒரு கிரேன் படகு கட்டறுந்து ஹெபெய் ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பல் மேல் மோதி, பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. உறைய வைக்கும் குளிரில் நாடெங்கிலுமிருந்து மக்கள் பழைய துணிகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்து, கூழாங்கல்லை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துத் துடைத்தார்கள். மாதக்கணக்கில், 12 லட்சம் பேருக்கு மேல். அந்தப் பணியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2022ல் ஆசிய-பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவ்வளவு பேர் பயன்படும்படி வந்து போனதற்குப் பின்னால் பஸ், சாப்பாடு, பூட்ஸ், துணி, குப்பைப் பை, எந்தக் கரையில் யார் என்ற பட்டியல் எல்லாம் இருந்திருக்க வேண்டும். குப்பைப் பையை நாம் நினைப்பதே இல்லை. கொட்டிய எண்ணெயின் அளவைப் போல் முப்பது மடங்கு வரை கழிவு சேரலாம்; மணல், துணி, கையுறை, சோகை எல்லாம் எண்ணெய்க் கழிவுதான். சாக்கில் கட்டிக் கரையோரம் வைத்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் மீண்டும் கடலுக்குப் போகும். மண்வெட்டியால் ஆழமாக வெட்டாமல், மேலாக வழித்தெடுக்கச் சொல்வதும் இதனால்தான். அரிப்பில் தேய்ந்துகொண்டிருக்கும் எர்ணாவூர் போன்ற கரையில் ஒவ்வொரு கூடை மணலும் சொத்து.

ஏழு ஆண்டு முடிவதற்குள் அதே எண்ணூருக்கு இன்னொரு முறை எண்ணெய் வந்தது. இம்முறை கடலிலிருந்து வரவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தை நிறைத்தது. வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று ஊர் ஊராகப் படகும் வலையும் கறுத்தன. எண்ணெய் ஏறிய வலையைக் கழுவிப் போட முடியாது. தூக்கித்தான் போட வேண்டும். இந்த முறையும் முதலில் இறங்கியவர்கள் மீனவர்கள். சொந்தப் படகில், கையில் கிடைத்த மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். பல நாள் கழித்துத்தான் காப்புடை வந்தது.

கூழைக்கடாக்கள் கறுப்புத் திட்டுகளோடு கழிமுகத்தில் உட்கார்ந்திருந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பறவையின் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போல் கோத்துக்கொண்டு மழைக்கோட்டாக நிற்கின்றன. எண்ணெய் பட்டால் கொக்கிகள் ஒட்டி விலகிப்போகும். தண்ணீர் தோல் வரை ஏறும். வெயில் காயும் சென்னையிலும் பறவை நடுங்கும். அலகால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கவும் செய்யும். பிடித்துவந்து உடனே குழாயடியில் குளிப்பாட்டத் தோன்றும் நமக்கு. செய்யக்கூடாது, பயத்திலும் குளிரிலும் தளர்ந்த பறவை குளிப்பாட்டலைத் தாங்காது. காற்று வரும் அட்டைப்பெட்டியில், பழைய துணி விரித்து, இருட்டாக வைத்து, வனத்துறையைக் கூப்பிட வேண்டும். பறக்கக்கூடிய பறவையைத் துரத்தினால் உள்ள தெம்பும் போகும்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது அதுதான். இரண்டு முறையும் சென்னையில் மீன் வாங்க ஆள் இல்லை. காசிமேட்டில் ஆழ்கடலிலிருந்து வந்த மீனையும் மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெயில் உள்ள பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை, பயம் நியாயம். ஆனால் எல்லாக் கடலுணவும் ஒன்றல்ல. துடுப்புள்ள மீன்களின் ஈரல் இந்த நச்சை உடைத்து வெளியேற்றும். மட்டியும் ஆளியும் தண்ணீரை வடிகட்டி உண்பவை. அந்த நச்சை உடைக்கும் திறன் அவற்றுக்குக் குறைவு, ஆகவே உடலில் சேர்த்து வைக்கும். கழிமுகத்து மட்டியையும் நண்டையும் தவிர்க்க வேண்டிய காலத்தில் வெகு தொலைவில் பிடித்த வஞ்சிரத்தைத் தவிர்க்கத் தேவையில்லை. எந்த இடத்து மீனை எப்போது பரிசோதித்தோம், முடிவு என்ன என்று வாரந்தோறும் மீன் மார்க்கெட் வாசலில் தமிழில் ஒரு பலகை எழுதி வைத்தால் மக்கள் நம்புவார்கள். தெரியாததற்குத்தான் பயம் எல்லை கட்டாது. அதன் விலையைக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் கொடுத்தார்கள்.

இழப்பீடும் இங்கேதான் சிக்குகிறது. 2023ல் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகைச் சீராக்க 10,000 ரூபாயும் அறிவித்தது. படகு உள்ளவருக்குக் கணக்கு எளிது. கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்துக்கு? தலைச்சுமையாக மீன் விற்பவருக்கு? கருவாடு போடுபவருக்கு? கப்பல் எண்ணெய்ச் சேதத்துக்கான பன்னாட்டு இழப்பீட்டு விதிகளும் கேட்பது ஒன்றைத்தான்: முன்பு எவ்வளவு சம்பாதித்தீர்கள், அதற்கு என்ன சான்று? எழுதாத வருமானத்தை அந்த மேசையில் நிரூபிப்பது கடினம்.

எண்ணெயே தன் ஊர் சொல்லும் என்பது ஓர் ஆறுதல். ஹோப்பேன் என்ற மூலக்கூறுகள் வெயிலுக்கும் அலைக்கும் நுண்ணுயிருக்கும் லேசில் அழியா. அவை ஒவ்வொரு எண்ணெயிலும் வெவ்வேறு விகிதத்தில் கைரேகை போல் இருக்கும். கரையில் எடுத்த மாதிரியையும் கப்பலிலோ ஆலையிலோ எடுத்ததையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டு, இது அதுதான் என்று சொல்லிவிடலாம். அதற்கு மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து வேறு பொருட்கள் எண்ணெயில் கலந்து கணக்கைக் குழப்பும். தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் எழுதி, நிழலில் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு செருப்பையோ துடுப்பையோ வைத்தால் அளவு தெரியும்.

எண்ணெய் வராத ஒரு நாளில் கரையோர ஊர் ஒவ்வொன்றின் சமுதாயக் கூடத்திலும் ஒரு டிரங்குப் பெட்டி வைக்கலாம். நைட்ரைல் கையுறை ஒரு கட்டு, முகக்கவசம், கம்பூட்ஸ் இருபது ஜோடி, மூடியுள்ள பீப்பாய்கள், கண்ணாடி பாட்டில்கள், ஒரு மூட்டை இலவம்பஞ்சு, தைத்து வைத்த துணிப்பைகள், தேங்காய் எண்ணெய். பெட்டியின் மூடிக்கு உட்புறம் எண்ணெய் நிறங்களின் படமும் யாரை அழைப்பது என்ற எண்களும். இவை எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு குயர் நோட்டு ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் யாராவது வாரம் ஒருமுறை எழுதலாம்: இன்று தேதி இது, வாடையா கொண்டலா, கழிமுகத்தில் எத்தனை கூழைக்கடா, எந்தப் பாறையில் எவ்வளவு மட்டி, யார் எவ்வளவு இறால் பிடித்தார், கிலோ என்ன விலைக்குப் போனது, கையால் பிடித்தவர் பெயரும் சேர்த்து.